விராலுக்கு ஆறடி வீடு

செஞ்சியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரிக்கரை வந்துவிடும். சங்கராபரணி ஆறு இந்தப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, புதுச்சேரியை ஒட்டிக் கடலுக்குப் போகிறது. நந்தன் கால்வாய் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மழைநீரைக் கூட்டிக்கொண்டு வந்து, வழியிலுள்ள ஏரிகளுக்குக் கொடுத்துப் பனமலை ஏரி வரை போகிறது. இந்த ஏரிகள் எல்லா ஆண்டும் நிரம்புவதில்லை. மழை பொய்த்தால் வண்டல் வெடித்து, ஆடு மேயும் வெட்டவெளியாகிவிடும். அப்படிப்பட்ட நீர்நிலைகளுக்கு என்றே உருவான மீன் விரால். தண்ணீர் குறையும்போது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். ஈரம் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். மழை இரவில் ஈரத் தரைமீது நெளிந்து அடுத்த குட்டைக்கே போய்விடும்.

தூண்டில்காரர்கள் உயர்வாக மதிக்கும் நாட்டு மீனும் இதுதான். தவளையைக் கோத்துப் போட்டாலும் ரப்பர் தவளையை இழுத்தாலும் பாய்ந்து அடிக்கும். அடித்த கையோடு செடிக்குள் புகுந்து தூண்டில் நரம்பை அறுக்கப் பார்க்கும். அந்த வேகத்தைப் பார்த்தவர்களில் சிலருக்கு இதைக் கண்ணாடிக்குள் வைத்து நாள்தோறும் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. அது நியாயமான ஆசைதான். வெளிநாட்டு அரவானாவுக்கும் ஆஸ்கருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிற நாம், நம் ஏரி மீனின் அழகை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

ஆனால் விராலைக் கெடுப்பது அதன் நல்ல குணமே. இது லேசில் சாகாது. நாறிய தண்ணீரிலும் இருக்கும், பட்டினி கிடந்தாலும் இருக்கும், திரும்பக்கூட இடமில்லாத தொட்டியிலும் மாதக்கணக்கில் இருக்கும். “எதில் போட்டாலும் பிழைச்சுக்கும்” என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை. பிழைத்துக் கிடப்பது வேறு, நன்றாக வாழ்வது வேறு. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேலையைப் பற்றியது.

உங்கள் கையில் இருப்பது எது?

விரால் குஞ்சு என்று கொடுக்கப்படுவது எப்போதும் விராலாக இருக்காது. நம் பக்கத்தில் ஒரே குடும்பத்து மீன்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

*விரால் (சன்னா ஸ்ட்ரையேட்டா).* 1793இல் ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் அறிவியல் பெயரிட்ட மீன். முதுகு கரும்பழுப்பு, வயிறு வெளுப்பு. விலாவிலிருந்து வயிற்றை நோக்கிச் சாய்ந்திறங்கும் கரும்பட்டைகள் இருக்கும். தலை பாம்பின் தலைபோல் தட்டையானது. அதன்மேல் பெரிய செதில்கள். பொதுவாக இரண்டடி வரை வளரும். அதைத் தாண்டி மூன்றடியைத் தொட்ட மீன்களும் உண்டு.

*குறவை (சன்னா பங்டேட்டா).* உடம்பெங்கும் சிறு கரும்புள்ளிகள். பெரும்பாலும் ஓரடிக்குள் நின்றுவிடும். ஆறடித் தொட்டிக்கு வீட்டில் இடமில்லாதவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். நான்கடித் தொட்டியில் ஒரு குறவை நிறைவாக வாழும். இந்த அத்தியாயத்தில் தொட்டி அளவு தவிர மற்றவை அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

*அவுரி அல்லது பூவிரால்.* குஞ்சில் வால் அடியில் ஆரஞ்சு விளிம்பிட்ட கண்போன்ற பொட்டு இருக்கும். மூவரில் அழகும் இதற்கே, அளவும் இதற்கே. மூன்றடியைத் தாண்டி வளரும். வீட்டுத் தொட்டிக்கு ஆகாது.

பொட்டை வைத்துக் குழம்பிவிடாதீர்கள். விரால் குஞ்சுக்கும் முதுகுத்துடுப்பின் கடைசியில் ஒரு கரும்பொட்டு இருக்கும். வளர வளர மறைந்துவிடும். பொட்டு துடுப்பிலா, வாலடியில் உடம்பிலா என்று பாருங்கள். துடுப்பில் என்றால் விரால், உடம்பில் என்றால் அவுரி.

மூச்சு விடும் மீன்

விராலுக்குச் செவுள் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுக்கும் அறை ஒன்று இருக்கிறது. வளர்ந்த விரால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். வர முடியாமல் வலையோ மூடியோ தடுத்தால், குமிழி கொப்பளிக்கும் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தரையில் கட்டைபோல் கிடக்கும் மீன் முதலில் பக்கத் துடுப்புகளை மட்டும் மெல்ல விசிறும். உடம்பு அசையாமலே மேலே மிதந்து வரும். மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே ஒரு கணம் நின்று கண்ணை உருட்டி மேலே பார்க்கும். பிறகு வாய் மட்டும் வெளியே வந்து ‘பளக்’ என்று ஒரு மிடறு காற்று விழுங்கும். திரும்பி இறங்கும்போது செவுள் மூடியின் ஓரத்தில் பழைய காற்று இரண்டு மூன்று குமிழியாக வெளியேறும். பழகிய மீன் இதை நிதானமாகச் செய்யும். அடிக்கடி மேலே வருவதும், பாய்ந்து காற்றைப் பிடித்துக்கொண்டு மிரண்டு இறங்குவதும் தண்ணீர் கெட்டதற்கோ மீன் மிரண்டிருப்பதற்கோ அடையாளம். வேறு எந்தக் கருவிக்கும் முன்னால் உங்களுக்குத் தகவல் சொல்வது இந்த மூச்சுதான்.

காற்றைச் சுவாசிப்பதால் தண்ணீர் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைவதை இது சமாளிக்கும். அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அப்படிச் சமாளிக்க முடியாது. அது செவுளையும் தோலையும் அரிக்கும்.

தொட்டி: வரப்போகும் மீனின் அளவுக்கு

விரல் நீளக் குஞ்சைப் பார்த்து இரண்டடித் தொட்டி வாங்குவதுதான் வழக்கமாக நடப்பது. நல்ல தீனி கிடைத்தால் விரால் ஓராண்டுக்குள்ளேயே ஓரடியை நெருங்கிவிடும். ‘வளர்ந்ததும் பெரிய தொட்டி வாங்கலாம்’ என்று தள்ளிப்போடுபவர்களில் பலர் வாங்குவதேயில்லை. பெரிய தொட்டிக்கான இடமும் பணமும் கையில் இருக்கும்போதே குஞ்சை வாங்குங்கள்.

அளவு: நீளம் 6 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடி. இதுவே குறைந்தபட்சம். அகலத்தை இரண்டரை அடியாக்க முடிந்தால் நீளத்தைக் கூட்டுவதைவிட அது பயன்படும். இரண்டடி மீன் தன் உடம்பை வளைத்துத் திரும்ப வேண்டியது அகலத்தில்தான். உயரம் கூடுவதால் விராலுக்குப் பெரிய நன்மை எதுவுமில்லை.

கண்ணாடி: 12 மில்லிமீட்டர். மேல் விளிம்பில் நீளவாக்கில் பட்டையும் நடுவில் குறுக்குப் பட்டையும் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். செஞ்சியில் இந்த அளவு செய்து கொடுப்பவர் கிடைக்காவிட்டால், வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில் கிடைப்பார்கள்.

எடை: இந்தத் தொட்டி விளிம்பு வரை 680 லிட்டர் பிடிக்கும். மேலே நான்கு அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 565 லிட்டர். கண்ணாடி 120 கிலோவுக்கு மேல். இரும்பு ஸ்டாண்டு, மணல், கட்டை எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 800 கிலோவைத் தொடும். வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் அது 700 கிலோவைத் தாண்டுகிறது. ஆகவே தரைத்தளத்தில், உறுதியான தரையில் வையுங்கள். மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். நாட்டு ஓட்டு வீட்டில் மண்தரை என்றால் ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே முழு நீளத்துக்கும் கான்கிரீட் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கால் இறங்கினாலும் கண்ணாடி விரியும்.

மூடி: தண்ணீருக்கும் மூடிக்கும் இடையில் நான்கு முதல் ஆறு அங்குலக் காற்றிடம் கட்டாயம். விரால் குதிக்கும். அது முட்டும் வேகத்தில் வெறுமனே வைத்த கண்ணாடி மூடி நகர்ந்துவிடும். அலுமினியச் சட்டத்தில் கம்பிவலை அடித்து, நான்கு பக்கமும் கொக்கி போடுங்கள். ஒயர், குழாய் நுழையும் ஓட்டைகளையும் விடாமல் அடையுங்கள். குஞ்சுப் பருவத்தில் அந்தச் சந்து போதும், மறுநாள் காலையில் மீன் தரையில் கிடக்கும்.

உள்ளே என்ன வைப்பது

தரைக்கு ஆற்று மணல் ஓர் அங்குலம். கூர்மையான கற்கள் வேண்டாம். வேகமாகத் திரும்பும்போது விலாவில் கீறல் விழும், புண் அங்கே தொடங்கும். பழைய புளியமரக் கட்டையோ வேரோ கிடைத்தால் பல நாள் ஊறவைத்து, சாயம் இறங்கியபின் வையுங்கள். ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, உடம்பு முழுதும் மறையும் நீளத்தில், அழகாக இல்லாவிட்டாலும் மீனுக்குப் பிடித்தமானது.

மேலே மிதக்கும் செடி முக்கியம். மேற்பரப்பில் பாதியை மூடினால் போதும்; மீதி மூச்சுக்குத் திறந்திருக்கட்டும். ஆகாயத்தாமரையைக் கொண்டுவராதீர்கள். ஏரியிலிருந்து எந்தச் செடியை எடுத்தாலும் அதோடு அட்டையும் நத்தையும் ஒட்டுண்ணியும் வரும். நர்சரியில் வாங்கி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். தொட்டியின் பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் கருப்புத் தாளால் மூடப்பட்டிருந்தால் மீன் சீக்கிரம் நிதானத்துக்கு வரும். ஆட்கள் அடிக்கடி குறுக்கே போகும் கதவோரம் வைத்தால் மிரண்டு மிரண்டு மூக்கில் அடிபட்டுக்கொள்ளும்.

தண்ணீர்

செஞ்சிக் கோட்டையைக் கட்டி ஆண்டவர்கள் கல்யாண மகாலுக்குக் கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியே தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாறைப் பூமியில் தண்ணீரை மதிக்கத் தெரிந்த ஊர் இது. தொட்டியிலும் முதல் வேலை தண்ணீரை அறிவதுதான்.

*போர் தண்ணீர்.* கருங்கல் பகுதியில் ஆழத்திலிருந்து வரும் நீர் பெரும்பாலும் கடினமாக இருக்கும். சோப்பு நுரைக்காது, குடத்தின் உட்புறம் வெள்ளை படியும். விராலுக்கு இந்தக் கடினத்தன்மை தொந்தரவில்லை. கார அமிலநிலை 6.5 முதல் 8 வரை இருந்தால் வாழும். ஆனால் கார நிலை கூடக்கூட அம்மோனியாவின் நச்சும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். போர் தண்ணீரை நேரே ஊற்றாமல் ஒருநாள் டிரம்மில் வைத்து ஏர் பம்பு ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

*குழாய்த் தண்ணீர்.* குளோரின் கலந்தது. திறந்த பாத்திரத்தில் 24 மணி நேரமாவது வைக்க வேண்டும். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் பயன்படும்.

*ஃபில்டர்.* கழிவை அரிப்பது பாதி வேலைதான். மீனிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் கேடில்லை. இந்த பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே மீன் வருவதற்கு முன்பே தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். அதற்குள் வேறொருவரின் பழைய ஃபில்டரிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டு கிடைத்தால் வேலை சுருங்கும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன்.

இவ்வளவு பெரிய ஊனுண்ணிக்குத் தொட்டிக்குள் தொங்கவிடும் சிறு ஃபில்டர் போதாது. ஸ்டாண்டுக்குக் கீழே சம்ப் தொட்டி வைத்து, மணிக்கு 2,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் போடுங்கள். விரால் தேங்கிய நீரில் வாழ்வது. வேகமான ஓட்டம் அதற்குப் பிடிக்காது. வெளியேறும் குழாயில் வரிசையாகத் துளையிட்டு நீரைப் பரப்பி விடுங்கள். சம்புக்கு இறங்கும் வாயில் வலை இருக்கட்டும். கரண்ட் போனால் விரால் மூச்சுக்குத் தவிக்காது. ஆனால் சில மணி நேரத்தில் ஃபில்டரிலுள்ள பாக்டீரியா சாகத் தொடங்கும். இன்வெர்ட்டரில் ஒரு சிறு ஏர் பம்பை மட்டும் இணைத்து ஃபில்டர் பஞ்சுக்குள் காற்று விட்டால் அதைக் காப்பாற்றிவிடலாம்.

*தண்ணீர் மாற்றுவது.* வாரத்துக்கு ஒருமுறை முப்பது விழுக்காடு. அதாவது 170 லிட்டர். பெரிய குடத்தில் பதினொன்று பன்னிரண்டு குடம். தூக்கிச் சுமந்தால் மூன்றாம் வாரமே சலித்துப்போகும். தொட்டியிலிருந்து கொல்லைக்கு ஒரு டியூப், டிரம்மிலிருந்து தொட்டிக்கு ஒரு சிறு மோட்டார் என்று முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வெளியேறும் தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் நல்ல உரம். இந்த வேலையைச் செய்ய வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குஞ்சு எங்கிருந்து?

முதலில் எங்கிருந்து எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளம், சக்கரக்குளம் போன்றவற்றில் கை வைக்காதீர்கள். அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள். 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்கள் என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தொகுப்பின் பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றே.

ஏரியில் பார்ப்பை, அதாவது விரால் குஞ்சுக் கூட்டத்தை, அள்ளாதீர்கள். விரால் செடி நிறைந்த ஓரத்தில் இடம் ஒதுக்கி முட்டையிடும், முட்டைகள் மிதக்கும், ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். சிவந்த குஞ்சுகள் கொத்துக் கொத்தாக மேற்பரப்பில் கொப்பளித்துக்கொண்டு நகரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். ஒரு மாதம் போல இந்தக் காவல் நீடிக்கும். பார்ப்பு இருக்கும் இடத்தில் தவளையைப் போட்டால் காவல் மீன் கோபத்தில் அடிக்கும் என்று தூண்டில்காரர்களுக்குத் தெரியும். அப்படிப் பிடித்த ஒரு மீனுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாகின்றன. தூண்டில் போடும் நண்பர்களை இந்த ஒன்றிலிருந்து விலகச் சொல்லுங்கள். நீங்களும் விலகுங்கள்.

சரியான இடம் குஞ்சுப் பண்ணை. விராலைத் தூண்டி முட்டையிடச் செய்யும் முறையில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நீண்ட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்திடமும், விழுப்புரம் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திடமும் கேட்டால் அங்கீகாரம் பெற்ற பண்ணைகளைக் காட்டுவார்கள். பண்ணைக் குஞ்சில் இன்னொரு வசதி, பெரும்பாலும் பெல்லெட் தின்னப் பழகியிருக்கும். ஏரி மீன்தான் வேண்டும் என்றால், குத்தகை எடுத்தவரிடம் விலை கொடுத்து வாங்குங்கள். ஏரி வற்றும் சித்திரை, வைகாசியில் கிடைக்கும்.

நான்கு முதல் ஆறு அங்குலக் குஞ்சாக ஒன்றே ஒன்று வாங்குங்கள். அளவில் வேறுபட்ட குஞ்சுகளைச் சேர்த்து வைத்தால் பெரியது சிறியதை விழுங்கும். சம அளவில் இருந்தாலும் வளர்ந்தபின் இடத்துக்குச் சண்டை வரும். வேறு மீனையும் துணைக்கு விடாதீர்கள். வாயில் அடங்குவது இரையாகும், அடங்காதது கடிபடும். தனி விரால் ஏங்கிப்போகாது.

கொண்டுவரும்போது பாலித்தீன் பையை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பிக் கட்டாதீர்கள், மூச்சு முட்டும். மூடியில் ஓட்டையிட்ட அகன்ற வாளியில், உடம்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மேலே ஈரச் சாக்கு போட்டால் போதும். அடுப்படியில் வழுக்காமல் பிடிக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வோம். வளர்க்கும் மீனிடம் அது கூடவே கூடாது. அந்த வழுவழுப்புதான் அதன் நோய்க் காவல். ஈரத்துணியால் பிடியுங்கள். பெரிய மீனை நகர்த்த பிவிசி குழாய்க்குள் புகவிட்டு, இருமுனையும் உள்ளங்கையால் மூடித் தூக்கலாம்.

புது மீனை மூன்று வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு போடுங்கள். செதிலில் ரத்தச் சிவப்பு, பஞ்சு போன்ற பூஞ்சை, அரிப்பெடுத்து உரசுவது எதுவும் இல்லையென்றால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

தீனி

‘அயிரை விட்டு விராலைப் பிடிப்பது’ என்று பழமொழியே இருக்கிறது. அதற்காக உயிர் அயிரையை வாங்கி வாங்கிப் போடாதீர்கள். ஒட்டுண்ணி வரும், அசைவதை மட்டுமே தின்னும் பழக்கமும் பிடித்துவிடும். தவளை வேண்டவே வேண்டாம். நம் பெரிய தவளை இனம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் நிறுத்தியதற்கே, வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போகிறது என்ற கவலையும் ஒரு காரணம்.

*குஞ்சு:* மண்புழுத் துண்டு, கொசுப்புழு, பொடியாக அரிந்த இறால். நாளுக்கு இரண்டு வேளை.

*அரையடி முதல் ஓரடி வரை:* தோல் நீக்கிய இறால், முள் நீக்கிய கடல் மீன் துண்டு, மிதக்கும் பெல்லெட். நாளுக்கு ஒரு வேளை.

*ஓரடிக்கு மேல்:* வாரத்துக்கு மூன்று நாள். தலை அளவுக்கு மேல் ஒரு வேளைக்குத் தீனி தேவையில்லை.

மத்தியையும் நெத்திலியையும் மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள். அவற்றில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி உண்டு. ஆட்டு ஈரல், கோழிக் கொழுப்பு போன்றவை நீரையும் மீனின் ஈரலையும் சேர்த்துக் கெடுக்கும்.

பெல்லெட்டுக்குப் பழக்குவது இப்படி: இரண்டு நாள் பட்டினி. மூன்றாம் நாள் இறால் துண்டை இடுக்கியில் பிடித்து மேற்பரப்பில் மெல்ல ஆட்டுங்கள். அதை எடுக்கத் தொடங்கியதும் பெல்லெட்டை இறால் சாற்றில் நனைத்து, துண்டுகளோடு கலந்து போடுங்கள். வாரவாரம் இறாலைக் குறைத்துப் பெல்லெட்டைக் கூட்டுங்கள். சில மீன்கள் ஒரே வாரத்தில் பழகும். சிலவற்றுக்கு இரண்டு மாதம் பிடிக்கும். புரதம் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் உள்ளதை வாங்குங்கள்.

அந்தி நேரம் தீனிக்கு நல்லது. உங்கள் நிழல் விழுந்ததும் மீன் திரும்பும். உடம்பு வில்லாய் வளையும். இரை இருந்த இடத்தில் ஒரு சுழி மட்டும் மிஞ்சும். கையால் ஊட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். பல் கூர்மை, பிடி வலுவானது. தின்று முடித்த பத்து நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

பருவம் பார்த்துப் பராமரிப்பு

*சித்திரை, வைகாசி:* வெளியே நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில் தொட்டி நீர் 32 டிகிரிக்குள் இருக்கப் பாருங்கள். வலைமூடிக்கு மேலே ஒரு சிறு மின்விசிறி போதும். ஆவியாகும் நீரை நாளுக்கு நாள் நிரப்புங்கள். சூட்டில் தீனி சீக்கிரம் கெடும், அளவைக் குறையுங்கள்.

*ஆடி, ஆவணி:* வளர்ச்சிக்கு ஏற்ற காலம். ஃபில்டர் பஞ்சை இப்போது அலசுங்கள்; தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் பாக்டீரியா போய்விடும்.

*ஐப்பசி, கார்த்திகை:* மழை இறங்கும் இரவுகளில் விராலுக்கு நிலைகொள்ளாது. மூடியின் கொக்கிகளைப் படுக்கப்போகும் முன் பாருங்கள்.

*மார்கழி, தை:* நீர் குளிர்ந்தால் பசி குறையும், புண் நோய் தலைகாட்டும். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹீட்டர் போடுங்கள். கண்ணாடி ஹீட்டரை மீன் உடைத்துவிடும் என்பதால் அதை சம்பில் வையுங்கள்.

நோய்

விரால் குடும்பத்தைக் கடுமையாகத் தாக்கும் நோய் செம்புண் நோய். 1988 முதல் இந்தியாவில் பரவிய இந்த நோய்க்கு மூலம் நீரில் வாழும் பூஞ்சை போன்ற ஓர் உயிரி. முதலில் செதிலுக்கடியில் செந்நிறப் புள்ளி. பிறகு தசை வரை குழியும் புண். ஏரி மீனோடும் ஏரி நீரோடும்தான் தொட்டிக்குள் வரும். புள்ளியாக இருக்கும்போதே மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, சுத்தமான நீரும் உப்பும் கொடுத்து, மீன்வளத்துறை மருத்துவரிடம் காட்டுங்கள். தசை தெரியும் அளவுக்கு ஆழமான புண் வீட்டில் ஆறுவது கடினம்.

மற்றவற்றில் பெரும்பாலானவை நாம் உண்டாக்குபவை: மிரண்டு முட்டிய மூக்குக் காயம், அழுக்கு நீரால் துடுப்பு அரிப்பு, அதிகத் தீனியால் ஊதிய வயிறு. முதல் மருந்து தண்ணீர் மாற்றுவது. இரண்டாவது, இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்துவது. காரணம் தெரியாமல் ஆன்டிபயாட்டிக் போட்டால் முதலில் சாவது ஃபில்டர் பாக்டீரியாதான்.

ஏரியில் விடாதீர்கள்

வளர்க்க முடியாமல் போகும் நாள் வரலாம்: வீடு மாறலாம், வேலை மாறலாம். அப்போது ‘அது வந்த இடத்திலேயே விட்டுவிடுவோம்’ என்று தோன்றும். நல்ல மனத்தோடு செய்யும் இந்தக் காரியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடந்தது சாட்சி. அங்கே ஒருவர் சூப் வைப்பதற்காக விரால் குடும்பத்துச் சீன மீன்களை உயிரோடு வாங்கினார். பிறகு அவற்றை வீட்டுத் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் கிராஃப்டன் ஊர்க் குளத்தில் விட்டார். 2002இல் அந்தக் குளத்தில் நஞ்சு கலந்து அழித்தபோது வளர்ந்தவை ஆறும், குஞ்சுகள் ஆயிரத்துக்கு மேலும் கிடைத்தன. அதே ஆண்டு விரால் குடும்பம் முழுவதையும் அந்த நாடு தடைப்பட்டியலில் சேர்த்தது. நம்முடைய விராலும் அதில் அடக்கம்.

நம் பக்கத்திலும் இது நடந்துகொண்டிருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்துச் சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமா சிக்கியது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டின் பல ஏரிகளில் வலையை நிரப்புகிறது. விரால் நாட்டு மீன்தானே என்று கேட்கலாம். தொட்டியில் வாங்கிய நோயை அது ஏரிக்குக் கொண்டுபோகும். தொலைவான பண்ணையின் வம்சம் நம் ஏரி வம்சத்தில் கலக்கும். கைத்தீனிக்குப் பழகிய மீன் அங்கே ஆளைக் கண்டதும் ஓரத்துக்கு வரும். முதல் தூண்டிலிலேயே போய்விடும்.

வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். இல்லையென்றால் பண்ணைக்குத் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் முடியாவிட்டால், விரால் நம் ஊரில் உணவு மீன். தவிக்கவிடாமல் விரைவாகக் கொன்று சமைப்பது ஏரியில் விடுவதைவிட மேலான செயல். மருந்து போட்ட தொட்டி மீனை மட்டும் உண்ணக் கூடாது.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. ஆறடிக்கு இரண்டடித் தொட்டிக்குத் தரைத்தளத்தில் இடம் இருக்கிறதா?
2. தொட்டி, சம்ப், மோட்டார், மூடி அனைத்துக்கும் பணம் இப்போதே கையில் இருக்கிறதா?
3. மீன் வருவதற்கு முன் ஆறு வாரம் வெறும் தண்ணீரை ஓடவிடப் பொறுமை உண்டா?
4. கோடையில் போர் வற்றினாலும் வாரம் 170 லிட்டர் கிடைக்குமா?
5. நீங்கள் ஊரில் இல்லாதபோது தண்ணீர் மாற்ற வீட்டில் ஆள் உண்டா?
6. குஞ்சு எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்று தெரியுமா?
7. வளர்க்க முடியாமல் போனால் யாரிடம் கொடுப்பது என்று இப்போதே பேசிவிட்டீர்களா?

ஏழுக்கும் ‘ஆம்’ என்றால் தொட்டிக்குச் சொல்லுங்கள். முதல் இரண்டில் தடுமாறினால் குறவைக்குப் போங்கள். அதுவும் இதே மூச்சு விடும், இதே பாய்ச்சல் பாயும், நான்கடியில் நிறைவாக இருக்கும். நான்காவதில் தடுமாறினால் இந்த ஆண்டு வேண்டாம். மழை பெய்து ஏரி நிரம்பியதும் கரையில் போய் உட்கார்ந்து பார்ப்பு மேய்வதைப் பாருங்கள்; விராலைத் தெரிந்துகொள்ள அது நல்ல பாடம். சாகாத மீனை வைத்திருப்பது யாருக்கும் முடியும். அது சுகமாக இருக்கும்படி வைத்திருப்பவரைத்தான் வளர்ப்பவர் என்று சொல்ல வேண்டும்.